எனக்குத் தோதான தேதி

உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைக்கப் பல வருஷம் ஒரே வழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, உட்சவ்வு தடித்ததும் புரொஜெஸ்டிரோன். மாதாமாதம் ஒழுங்காக முட்டை வெடிக்கிற பெண்களுக்கும் அதேதான். அவர்களுக்கு இந்த மாத்திரை அவசியமே இல்லை. ஸ்கேனில் முட்டையைப் பின்தொடர்ந்தால் போதும். ஆனால் அது வெடிக்கிற நாள் தீபாவளியன்று வந்து நிற்கும். மாத்திரை என்றால் தேதி என் கையில். “இதுதான் உங்களுக்கு நல்லது” என்று கூசாமல் சொல்வேன்.

மாத்திரை கொடுத்தால் முட்டை வெடிக்காது. வெடித்த இடத்தில் உண்டாக வேண்டிய கார்பஸ் லூட்டியமும் உண்டாகாது. அது சுரப்பது புரொஜெஸ்டிரோன் மட்டுமல்ல, ரிலாக்சினும்தான். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் தாயின் ரத்தக்குழாய்கள் இளகிக்கொடுக்க அது உதவுகிறது என்கிறார்கள். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் இறங்குவதும் அந்த வாரங்களில்தான். மாத்திரையில் ரிலாக்சின் கிடையாது. கார்பஸ் லூட்டியம் இல்லாத கர்ப்பங்களில் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் அதிகம் என்று 2019-இலேயே ஆய்வு வந்தது. படித்தேன். இன்னும் சான்று வரட்டும் என்று மூடிவைத்தேன். சான்றுக்காகக் காத்திருந்தேனா, ஞாயிற்றுக்கிழமைக்காகவா என்று என்னைக் கேட்டால் பதில் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஓர் ஆசிரியை. மாதவிலக்கு தேதி தவறாதவர். அவருக்கும் மாத்திரை கொடுத்துத்தான் கரு வைத்தேன். ஏழாம் மாதத்தில் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் விரல் வீங்கி வந்தார், பி.பி. 160/110. அன்றிரவே குழந்தையை எடுத்தோம். நஞ்சுக்கொடியைத் தட்டில் புரட்டிப் பார்த்தேன்: மாதத்துக்கு ஏற்ற அளவில்லை, அங்கங்கே வெளிறிக் கெட்டிப்பட்டிருந்தது, தொப்புள்கொடி நடுவில் இறங்காமல் ஓரச் சவ்வில் ஒட்டியிருந்தது. இந்த ஆபத்தைக் குறைக்கப் பன்னிரண்டாம் வாரத்தில் 150 மி.கி. ஆஸ்பிரின் தொடங்கியிருக்கலாம். கரு ஒட்டிவிட்டால் மற்ற கர்ப்பம் மாதிரிதான் என்று அதையும் விட்டிருந்தேன்.

குழந்தை இன்குபேட்டரில் தேறிக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார்: “ஐ.வி.எஃப். பண்ணதாலயா மேடம்?”

“யாருக்கு வேணும்னாலும் வரும்” என்றேன். அது பொய்யல்ல. மாத்திரையால்தான் வந்தது என்று இந்த ஒரு கர்ப்பத்தைக் காட்டி யாரும் நிரூபிக்கவும் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது முட்டை வெடிக்கிற நாளைப் பார்த்துத்தான் கரு வைக்கிறேன், மாத்திரை உண்மையில் தேவைப்படுகிறவர்கள் தவிர. அந்த ஆசிரியை தம்பதியின் இன்னொரு கரு எங்கள் நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறது. அதற்காக வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.