பந்து ஒன்றுதான்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடர் ஜூனில் முடிந்தால் அடுத்த சீசன் தொடங்க அக்டோபர் ஆகிவிடும். அணிகள் உருமாறுவது இந்த இடைவெளியில்தான். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூன் கடைசியில் நடக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் ஜூலையில் புது அணி பார்ப்பார்கள். வீரருக்கு வீரர் என்ற பண்டமாற்றான டிரேட் இடையிடையே நடந்துகொண்டே இருக்கும். ஜூலை முடிவதற்குள் பத்திரிகைகள் ஒவ்வோர் அணிக்கும் மதிப்பெண் போட்டுவிடும். அவற்றில் கணிசமானவை அடுத்த மே மாதத்தைத் தாண்டுவதில்லை. வந்தவர்களின் பெயரைக் கூட்டிப் போடும் கணக்கு அது. போனவர் எதைக் கொண்டுபோனார், இருப்பவர் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் இன்னும் எத்தனை வருட ஆட்டம் மிச்சம் இருக்கிறது ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

இதைப் பார்க்க பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைவிட நல்ல இடம் கிடையாது. பதினாறு வருட இடைவெளியில் இரண்டு முறை அந்த அணி ஒரே கோடையில் தன்னை மாற்றிக்கொண்டு சாம்பியன் ஆனது. இடையில் ஒரு கோடையில் தன் மிகப் பெரிய வீரர்களையே வேறோர் அணிக்குக் கொடுத்தது.

2006-07 சீசனில் பாஸ்டன் 24 ஆட்டங்களில் வென்று 58-இல் தோற்றது. தொடர்ந்து 18 தோல்வி என்ற ஒரு காலமும் அதில் உண்டு. அணியின் 16 பட்டங்களையும் பயிற்சியாளராகவோ நிர்வாகியாகவோ இருந்து கண்ட ரெட் அவர்பாக் சீசன் தொடங்குமுன் 2006 அக்டோபரில் இறந்துபோயிருந்தார். மோசமாக ஆடிய அணிக்கு ஒரே ஆறுதல் டிராஃப்டில் முன்வரிசை கிடைப்பது. அந்த வருடம் கிரெக் ஓடன், கெவின் டுரான்ட் என்ற இரண்டு இளைஞர்கள் மேல் எல்லாக் கண்ணும் இருந்தது. வெற்றிப் பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம் பாஸ்டனுக்கு. ஆனால் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் ஐந்தாம் இடம்தான் விழுந்தது. ஓடனும் இல்லை, டுரான்டும் இல்லை.

நிர்வாகி டேனி ஏஞ்ச் அந்த ஐந்தாம் இடத்தை வைத்துக்கொண்டு இன்னோர் இளைஞர் வளரக் காத்திருந்திருக்கலாம். அவர் அதை டிராஃப்ட் இரவிலேயே சியாட்டிலுக்குக் கொடுத்தார். டெலான்டே வெஸ்ட், வாலி செர்பியாக் இருவரையும் சேர்த்துக் கொடுத்து ரே ஆலனை வாங்கினார். ஆலன் அபாரமான எறிவீரர். ஆனால் 32-ஐ நெருங்கியவர். இரண்டு கணுக்காலிலும் அப்போதுதான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணி வருங்காலத்தைக் கொடுத்து வயதை வாங்குவானேன் என்ற கேள்வி எழுந்தது. அந்த ஒரு டிரேடைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கேள்வி முழுக்க நியாயமானது.

ஆனால் கோடையின் பேரங்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மினசோட்டாவில் 12 சீசன் ஆடியிருந்த கெவின் கார்னெட், ஜூனில் பாஸ்டன் என்ற பேச்சு வந்தபோது இஷ்டமில்லை என்று ஒதுங்கியிருந்தார். பாஸ்டனின் முன்னணி வீரர் பால் பியர்ஸோடு ஆலனும் அங்கே இருக்கிறார் என்றான பிறகு மனம் மாறினார். ஜூலை 31-இல் பேரம் முடிந்தது. கார்னெட் ஒருவருக்காக ஐந்து வீரர்களும் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை இரண்டும் பாஸ்டனை விட்டுப் போயின. ஒற்றை வீரருக்காக அதுவரை எந்த அணியும் இத்தனை கொடுத்ததில்லை.

போனவர்களில் இரண்டு பேரைப் பார்த்தால் போதும். ஒருவர் ஆல் ஜெஃபர்சன். வயது 22, முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 16 புள்ளி, 11 ரீபவுண்ட். பாஸ்டன் ரசிகர்கள் அணியின் எதிர்காலம் என்று நம்பியிருந்தது அவரைத்தான். இன்னொருவர் தியோ ராட்லிஃப். முதுகு வலியால் அந்த சீசனில் அவர் ஆடியது அபூர்வம். அவரை மினசோட்டா வாங்கியது ஆட்டத்துக்காக அல்ல, அவருடைய ஒப்பந்தத்துக்காக. என்பிஏவில் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2007-08இல் அது சுமார் 5 கோடியே 56 லட்சம் டாலர். வரம்பைத் தாண்டிய அணி டிரேட் செய்ய வேண்டுமானால் கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். லீகில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் கார்னெட் ஒருவர். இளைஞர்களின் சிறிய சம்பளங்களைக் கூட்டி அந்தத் தொகையை எட்ட முடியாது. ராட்லிஃபின் பெரிய ஒப்பந்தம் தராசுத் தட்டைச் சமன் செய்தது. அடுத்த கோடையில் முடிந்துவிடும் ஒப்பந்தம் என்பதால் மினசோட்டாவுக்கும் அது பாரமில்லை. களத்தில் இறங்காத வீரரும் கோடையில் ஒரு பெரிய பேரத்தின் அச்சாணி ஆகலாம். பெயர்களை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

இருந்தவர்களையும் எண்ண வேண்டும். பியர்ஸ் தவிர, இரண்டாம் வருடம் ஆடவந்த 21 வயது ரஜான் ராண்டோவும் கென்ட்ரிக் பெர்கின்ஸும் தொடக்க ஐவரில் நின்றார்கள். பிறகு ஜேம்ஸ் போசி, எடி ஹவுஸ் என்று விலை குறைந்த, வேலை தெரிந்த ஆட்கள் பெஞ்சுக்கு வந்தார்கள். போசி 2006-இல் மயாமியோடு பட்டம் வென்றவர். எதிரணியின் சிறந்த வீரரைப் பிடித்து நிறுத்துவது அவர் தொழில். தடுப்பாட்டத்தைச் சீரமைக்க டாம் திபடோ துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கோடை மதிப்பெண்களில் துணைப் பயிற்சியாளருக்கு இடமே கிடையாது. அந்த அணியை அணியாக்கியவர்களில் திபடோவுக்கு முன்வரிசை தர வேண்டும்.

இனி எண்களுக்கு வரலாம். 2006-07இல் ஆலன் ஆட்டத்துக்கு 26.4 புள்ளி எடுத்தார், பியர்ஸ் 25.0, கார்னெட் 22.4. கூட்டினால் 73.8. ஒன்றாக ஆடிய முதல் சீசனில் பியர்ஸ் 19.6, கார்னெட் 18.8, ஆலன் 17.4, கூட்டினால் 55.8. மூன்று பேரும் சேர்ந்து 18 புள்ளிகளை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆலன் ஒருவரே ஒன்பது. அணியோ 24 வெற்றியிலிருந்து 66 வெற்றிக்குப் போனது. ஒரு சீசனில் இவ்வளவு பெரிய ஏற்றத்தை என்பிஏ அதற்கு முன் கண்டதில்லை. களத்தில் ஐந்து பேர், பந்து ஒன்று, எறியும் வாய்ப்பு எல்லாருக்கும் பொதுவான ஒரு குவியல். அதிலிருந்து ஒருவர் அதிகம் அள்ளினால் மற்றவருக்குக் குறையும். ஆக, பெரிய வீரர் வரும்போது கேட்க வேண்டியது அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதைவிட, பந்து கையில் இல்லாத நேரத்தில் என்ன செய்வார் என்பதே. கார்னெட்டுக்குத் தடுப்பாட்டம் இருந்தது. அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஆலன் பந்தில்லாமலேயே ஓடி ஓடி எதிரணியின் ஒருவரைத் தன் பின்னால் இழுத்துச் சென்று மற்றவர்களுக்கு வழி திறந்தார். தொடக்கம் முதல் பாஸ்டனிலேயே ஆடி, தோல்விகளை எல்லாம் சுமந்து, பந்து தன் கையிலேயே இருந்து பழகிய பியர்ஸ் அதைப் பகிர்ந்துகொண்டதுதான் மூவரில் கடினமான காரியம்.

பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் ‘உபுண்டு’ என்ற ஆப்பிரிக்கச் சொல்லை அணிக்குள் கொண்டுவந்தார். மற்றவர்கள் இருப்பதால்தான் நான் இருக்கிறேன் என்பது அதன் சாரம். சீசனுக்கு முன் அணி ரோமில் போய்த் தங்கிப் பயிற்சி செய்தது. ஊரை விட்டு விலகி ஒன்றாகத் தின்று திரிந்த அந்த நாட்களில்தான் அணி ஒட்டியது என்று ஆடியவர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

பட்டம் சுலபமாக வரவில்லை. வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் பட்டத்துக்கு நடக்கும் பிளேஆஃபில், 37 ஆட்டமே வென்றிருந்த அட்லான்டா முதல் சுற்றை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது, அடுத்த சுற்றில் கிளீவ்லாந்தும் அப்படியே. இறுதியில் லேக்கர்ஸ் அணியை 4-2 என்று வென்ற கடைசி ஆட்டம் 2008 ஜூன் 17-இல், கணக்கு 131-92.

அடுத்தது வயது. 2009 பிப்ரவரியில் கார்னெட்டின் முழங்கால் பழுதுபட்டது. அந்த வருட பிளேஆஃபில் அவர் ஆடவில்லை. 2010-இல் மறுபடி லேக்கர்ஸோடு இறுதிப்போட்டி, ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2012-இல் ஆலன் மயாமிக்குப் போய்விட்டார். மூன்று பேரும் சேர்ந்திருந்தது ஐந்து சீசன், கிடைத்தது ஒரு பட்டம். ஆனாலும் அந்தக் கோடை நல்ல கோடைதான். முதிர்ந்த வீரர்களை வாங்கும் அணி காலத்தைத்தான் வாங்குகிறது, அதுவும் குறுகிய காலத்தை. பாஸ்டன் அதன் முதல் வருடத்தையே வீணாக்காமல் பயன்படுத்தியது. மறுபக்கம், இளமையை வாங்கிய மினசோட்டாவுக்கும் உத்தரவாதம் ஏதும் கிடைக்கவில்லை. ஜெஃபர்சன் அங்கே 20 புள்ளிக்கு மேல் எடுக்கும் வீரராக மலர்ந்தார், அதே 2009 பிப்ரவரியில் அவருடைய முழங்காலும் கிழிந்தது. அந்த அணி பிளேஆஃபை மறுபடி பார்க்க 2018 ஆனது.

2013 கோடையில் இதே பேரம் தலைகீழாக நடந்தது. புரூக்ளின் நெட்ஸ் பட்டத்துக்கு அவசரப்பட்டது. 37 வயது கார்னெட்டையும் 35 வயது பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்கி, 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்தது. 2017-இல் டிராஃப்ட் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. டெரன் வில்லியம்ஸ், ஜோ ஜான்சன், புரூக் லோபஸ் ஏற்கனவே இருந்த அணி. தாளில் ஐந்து நட்சத்திரங்கள். அந்த சீசனில் 44 வெற்றி, இரண்டாம் சுற்றில் வெளியேற்றம். அடுத்த கோடையில் பியர்ஸ் போய்விட்டார்; 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் மினசோட்டாவுக்கே திரும்பினார். ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆறு வயது கூடியிருந்தது. 2007-இல் பாஸ்டன் தந்தது பெரும்பாலும் கையில் இருந்த இளைஞர்களை. புரூக்ளின் தந்தது இன்னும் பிறக்காத வருடங்களை. தோற்றாலும் தேர்வுரிமை தன்னிடம் இல்லை என்பதால் அந்த அணி விழுந்தபின் எழுவதற்கும் பிடிமானம் இல்லாமல் போயிற்று.

அந்த உரிமைகள் பாஸ்டனில் முளைத்தன. 2016-இல் மூன்றாம் இடத்தில் ஜேலன் பிரவுன். 2017-இல் கிடைத்தது முதல் இடமே; ஏஞ்ச் அதைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி, கூடுதலாக இன்னொரு தேர்வுரிமையையும் வாங்கிக்கொண்டு, ஜேசன் டேட்டமை எடுத்தார். 2013 பேரத்தின் வரவு கண்ணில் பட நான்கு வருடம் பிடித்தது.

பிரவுனும் டேட்டமும் முதிர்ந்தபோது பாஸ்டன் திரும்பத் திரும்பக் கரையருகே வந்து மூழ்கியது. 2022 இறுதிப்போட்டியில் தோல்வி, 2023-இல் கிழக்குப் பிரிவு இறுதியில் தோல்வி. 2023 கோடையில், ஏஞ்சுக்குப் பின் வந்த நிர்வாகி பிராட் ஸ்டீவன்ஸ் மார்கஸ் ஸ்மார்ட்டைக் கொடுத்துக் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை வாங்கினார். ஒன்பது சீசன் பாஸ்டனிலேயே ஆடிய ஸ்மார்ட், முந்தைய வருடம் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர். தரையில் விழுந்து பந்தைப் பிடிக்கும் அந்த ஆளைத்தான் ஊர் தன் முகமாக நினைத்திருந்தது. ரசிகர்களின் துக்கம் உண்மையானது. அதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குவது தவறு. அணியில் ஒருவர் வகித்த இடம் புள்ளிப் பட்டியலில் இருப்பதைவிடப் பெரியது. ஆனால் பாஸ்டனுக்கு இல்லாதிருந்தது ஏழடிக்கு மேல் உயரமும் தொலைவிலிருந்து எறியும் கையும் ஒரே உடலில் அமைந்த ஒருவர். அப்படி ஒருவர் வெளியே நின்றால் எதிரணியின் நெடிய காவலர் கூடையடியை விட்டு வெளியே வந்தே தீர வேண்டும்; டேட்டமும் பிரவுனும் உள்ளே புக அதுவே வாசல்.

ஸ்மார்ட் விட்டுப்போன இடம் செப்டம்பர் கடைசி வரை காலியாகவே இருந்தது. அப்போது டேமியன் லில்லர்டை வாங்க மில்வாக்கி, ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்குக் கொடுத்தது. நான்கே நாளில், அக்டோபர் 1-இல், பாஸ்டன் அவரை அங்கிருந்து வாங்கியது. மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் விலை. மில்வாக்கியில் 19 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஹாலிடே பாஸ்டனில் பன்னிரண்டரைக்கு இறங்கினார். பெரும்பாலும் களத்தின் மூலையில் நின்றார்; எதிரணியின் சிறந்த வீரரைக் காத்தார். குறை சொன்னதாக ஒரு பேச்சு இல்லை. லில்லர்டை வாங்கிய மில்வாக்கிதான் அந்தக் கோடையின் பெரிய செய்தி. அது முதல் சுற்றிலேயே வெளியேறியது. பாஸ்டன் 64 வெற்றி எடுத்து, பிளேஆஃபில் மூன்றே ஆட்டங்களை இழந்து, டாலஸை 4-1 என்று வென்று 18-ஆவது பட்டம் பெற்றது. நாள் மறுபடியும் ஜூன் 17.

அந்த அணியையும் வைத்திருக்க முடியவில்லை. 2023-இல் வந்த புதிய விதிகள் சம்பளத்துக்கு ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற மேல்கோட்டை வகுத்தன. 2025-26இல் அது சுமார் 20 கோடியே 78 லட்சம் டாலர். தாண்டும் அணிக்கு வரி மட்டும் தண்டனை இல்லை; இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்கும் வழியும் அடைபடும். ராட்லிஃபின் ஒப்பந்தம் 2007-இல் செய்த வேலையை இன்று அந்த நிலையிலுள்ள அணி செய்யவே முடியாது. 2025 மே மாதம் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில் பாஸ்டன் சம்பளத்தைக் குறைப்பதற்காகவே வீரர்களை அனுப்பியது. போர்சிங்கிஸ் அட்லான்டாவுக்குப் போனார். ஹாலிடே போனது, இரண்டு வருடம் முன் நான்கு நாள் தன் பெயர் மட்டும் பட்டியலில் இருந்த போர்ட்லாந்துக்கு.