பரோட்டா ஊரில் கோதுமை ஆகாத பொண்ணு

எங்க மல்லாங்கிணறு பக்கம் "டேட்டிங் போறேன்"னு வீட்டுல சொல்ல முடியாதுங்க. நிச்சயம் முடிஞ்ச பிறகு, "சும்மா வெளியே போய் சாப்பிட்டுட்டு வர்றோம்"னு வேணா சொல்லலாம். அதுக்கும் பொண்ணோட தம்பி கூடவே வருவார்.

விருதுநகர்க்காரன் ஒருத்தரை ஆசையா சாப்பிடக் கூட்டிட்டுப் போனா எங்க போவான்? எண்ணெய்ப் பரோட்டா கடைக்குத்தான். ஆனா எனக்கு நிச்சயம் ஆன பொண்ணுக்கு கோதுமை துளிகூட ஆகாது. மைதாவும் கோதுமைதானே!

அவங்களுக்கு இருக்கறது சீலியாக் நோய். இது வெறும் அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லியில் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா, சிலருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுற குடலுறிஞ்சிகள் தேய்ஞ்சு போகும். சாப்பிடுற சாப்பாடு உடம்புல ஒட்டாது. இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்க்கறதுதான் வைத்தியம்.

பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே இதை அவங்க என்கிட்ட சொல்லிட்டாங்க. "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம்"னு அவங்க வீட்டுல சொல்லியும் கேக்கலை. அந்த நேர்மைக்கே நான் சரின்னு சொன்னேன்.

முதல் தடவை வெளியே போனப்ப நான் ரொம்பத் தெளிவா இருந்தேன். நாமதான் அரிசி சாப்பிடுற ஊராச்சே, இட்லி சாம்பார் சொன்னா முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

"டாக்டர், சாம்பார்ல என்ன பெருங்காயம் போடுறாங்கன்னு கேட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் சிரிச்சேன். "ஒரு கரண்டி சாம்பார்ல என்னம்மா ஆகப் போகுது?"

அவங்க வேற எதுவும் பேசலை. சாப்பிட்டாங்க.

மறுநாள் காலையில தம்பி போன் பண்ணார். "மாமா, அக்கா ராத்திரி பூரா தூங்கலை. வயித்துவலி, நாலஞ்சு தடவை போயிருச்சு."

உடனே அவங்ககிட்ட பேசினேன். தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். "முதல் தடவையா கூட்டிட்டுப் போறீங்க. ஒவ்வொண்ணா கேட்டா, தொந்தரவு புடிச்ச பொண்ணுன்னு நெனச்சுருவீங்களோன்னு பயந்துட்டேன்"னாங்க.

எம்.பி.பி.எஸ். படிச்ச எனக்கு அன்னைக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சம் இல்லைங்க. அதே வார்த்தையை ஓ.பி.யில எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்!

பெருங்காயம் ரொம்பக் காட்டமான பிசின். அதனால கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல மாவு கலந்துதான் வரும். பல டப்பாக்கள்ல அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், புளியோதரைன்னு எல்லாத்துலயும் அது இருக்கும். பரோட்டா போட்ட கல்லுலயே தோசை ஊத்துவாங்க. மில்லுல கோதுமை அரைச்ச கையோட அதே மெஷின்ல நம்ம அரிசியைக் கொட்டுவாங்க. ரவை, சேமியா ரெண்டும் பெரும்பாலும் கோதுமைதான்.

இப்ப நாங்க வெளியே போறதுக்கு முந்தின நாளே திட்டம் போட்டுருவோம். கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து கடைக்குப் போன் பண்ணி, சமைக்கிற அண்ணன்கிட்டயே கேட்டுருவேன். சாம்பார் வேண்டாம், பெருங்காயம் போடாத தேங்காய்ச் சட்னி, இட்லி போதும். சந்தேகமா இருந்தா வீட்டுலருந்தே தயிர்சாதம் கட்டிக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போனா ஆண்டாள் தரிசனம், அப்புறம் பால்கோவா. பாலும் சீனியும் மட்டும் போட்டுக் கிண்டுறது, பயமில்லை. மத்த ஸ்வீட் செய்யிற சட்டியில கிண்டலையேன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம். குதிரைவாலி, கம்பு, சோளம் எதுலயும் குளூட்டன் கிடையாது. தனியா அரைச்சா தாராளமா சாப்பிடலாம்.

எங்க அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. "ஏப்பா, பொறக்கப் போற புள்ளைக்கும் வருமா?"

வரலாம்மா. அப்பா அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இருந்தா, சுமார் பத்துல ஒருத்தருக்கு வர வாய்ப்பிருக்கு. ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்துக்கலாம். வந்தாலும் சாப்பாட்டை மாத்தினா நல்லா இருக்கலாம். நம்ம வீட்டுல மூணு தலைமுறையா சுகர் இருக்கே, அதைப் பத்தி அவங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டாங்களா?

அம்மா ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் எங்க கிடைக்கும்னு விசாரிச்சுட்டு இருந்தாங்க.

இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதுறேன்னா, 2016-ல் வெளியான இந்திய ஆய்வுப்படி இந்த நோயைக் காட்டுற எதிர்ப்பொருள் ரத்தத்துல இருந்தது வடக்கே பெரியவங்கள்ல நூத்துக்கு ஒருத்தருக்குச் சற்று மேல. நம்ம தெற்கே ஆயிரத்துக்கு ஒருத்தர். குறைவுதான், ஆனா இல்லாம இல்லை. நாமளும் இப்ப ராத்திரிக்கு சப்பாத்தி, பரோட்டான்னு மாறிட்டோம்.

எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தசோகை சரியாகலையா? நாள்பட்ட வயித்துப்போக்கு இருக்கா? குழந்தை வயசுக்கேத்த வளர்ச்சி இல்லையா? உங்க டாக்டர்கிட்ட சீலியாக் டெஸ்ட் பத்தி ஒரு தடவை கேளுங்க. டெஸ்ட் எடுக்கும் முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திறாதீங்க; நோய் இருந்தும் இல்லைன்னு காட்டிரும். இல்லாதவங்க ஃபேஷனுக்காக நிறுத்தவும் வேண்டாம்.

உங்க வீட்டு விருந்துல யாராவது "இதுல என்ன போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டா சிரிக்காதீங்க. பதில் சொல்லுங்க. அப்படிக் கேக்குறதுக்கே அவங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

தை மாசம் கல்யாணம். பந்தியில சாம்பார், ரசம் எல்லாமே மாவு கலக்காத பெருங்காயத்துலதான். பொண்ணு அன்னைக்காவது யார்கிட்டயும் எதுவும் கேக்காம சாப்பிடட்டும்.