கால் ஷிப்ட்

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. மாடியில் ஜாப் ஒர்க் யூனிட். படியேறும்போதே மெஷின்களின் அதிர்வு காலில் ஏறுகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் டி-ஷர்ட். ஓவர்லாக்கில் தோள் இணைகிறது, பிளாட்லாக்கில் அடிமடிப்பு விழுகிறது. அதைத் தாண்டி பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். பஞ்சுத் தூசு புருவத்தில் நரைபோலப் படிந்திருக்கிறது.

தரையில் நடைவழிக்கு மஞ்சள் கோடு, தூணுக்கொரு தீயணைப்பான், தமிழிலும் இந்தியிலும் 'அவசர வழி'. எல்லாம் பளிச். அதற்கொரு காரணம் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தையல்காரர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பிராண்டுகளின் ஆடிட்டில் கட்டடமும் தீயும் முன்னுக்கு வந்தன. குறை சொல்லவில்லை, உயிர் காக்கிற கோடுதான்.

ஆனால் கூலிக்கு யாரும் கோடு போடவில்லை. காலை 8.30க்கு உட்கார்ந்தால் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், இடைவேளை போக 8 மணி நேரம். இரவு 8.30 வரை ஓட்டினால் ஒன்றரை. இந்த ஊரில் பேச்சே அப்படித்தான், "இன்னிக்கு ஒன்றரையா?" வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் தொட்டே உள்ள விதி. கணக்குப் போடுங்கள்: கூடுதல் 3 மணி நேரத்துக்கு 6 மணி நேரக் கூலி, அதாவது முக்கால் ஷிப்ட். 'ஒன்றரை' அல்ல, ஒன்றே முக்கால். விட்டுப்போகிற அந்தக் கால், ஆறு நாளில் ஒன்றரை ஷிப்ட் ஆகிறது.

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் சொன்னேன்.

"ரெட்டச் சம்பளமா? அது எந்த ஊர்லைங்ணா?" சிரித்தார். கத்தரி நிற்கவில்லை.

முதலாளி கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "நானும் கைமடியா, டெய்லருக்கு எடுபிடியா வந்தவன்தானுங்க. எக்ஸ்போர்ட்காரர் குடுக்கற ரேட்டு அப்படி. கப்பல் தப்பி ஏர்ல போச்சுன்னா அந்தச் செலவ எங்க தலைல கட்டிருவாங்க." பொய்யில்லை. அவர் யார் தலையில் கட்டுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பேக்கிங் மேசையில் விலைச்சீட்டும் இங்கேயே ஏறுகிறது: 9.99 யூரோ. சீட்டு மாட்டுகிற ஒடிசாப் பையனுக்கு அது எத்தனை ரூபாய் என்று தெரியும். போனில் பார்த்து வைத்திருக்கிறான்.

நான் கிளம்பும்போது மணி 8.15. இன்னும் 400 பீஸ் பாக்கி, இன்று ரெண்டு ஷிப்ட் என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர். யாரும் நிமிரவில்லை.

ஆடிட்டுக்கு வருகிறவர்களே, மஞ்சள் கோட்டை அளந்து முடித்ததும் ரயிலேறிவிடாதீர்கள். சனிக்கிழமை வரை இருந்து சம்பளக் கவரையும் எண்ணிப் பாருங்கள்.