நாளுக்கு ஒரு பக்கம்

புத்தாண்டு பிறந்ததும் வீடுதோறும் புதிய நாள்காட்டி ஏறுகிறது. உள்ளந்தோறும் புதிய தீர்மானங்கள் எழுகின்றன. சனவரி முதல் நாள், இறைவனின் தாயாகிய மரியாளின் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும், அவ்வாண்டில் படிக்க வேண்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதுவது குருமட நாள்களிலிருந்தே நம் வழக்கம். இவ்வாண்டுப் பட்டியல் மிகச் சிறியது. காரணம், நம் கண்கள்.

நமக்கு அகவை 56. சர்க்கரை நோய் நம்மோடு குடியேறி 12 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற திருவருகைக் காலத்தில் நம் கண்களைச் சோதித்த மருத்துவர், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபட்டுக் கசிவதாகக் கூறினார். இந்நோய் வலி தராது, தொடக்கத்தில் பார்வையையும் மறைக்காது, ஓசையின்றி வளரும். ஆகவேதான் சர்க்கரை நோயுற்றோர் ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கின்றனர் மருத்துவர். லேசர் சிகிச்சை பெரும்பாலும் இழந்த பார்வையை மீட்பதில்லை, எஞ்சியதைக் காக்கிறது. நமக்கும் அது தொடங்கியுள்ளது. ஒரு பக்கத்திற்குமேல் தொடர்ந்து படித்தால் எழுத்துகள் கரைந்துபோகின்றன.

அன்பர்களே, மறைக்காமல் சொல்வோம்: நமக்கு அச்சம் வந்தது. படிக்க இயலாத குரு தம் மக்களுக்கு எதை ஈவார்? இந்த வினாவோடு நற்கருணைப் பேழையின்முன் முழந்தாளிட்ட இரவுகள் பல.

அந்நாள்களில் புனித இஞ்ஞாசியாரின் நினைவு நமக்குத் துணையாயிற்று. 1521-ஆம் ஆண்டு மே திங்களில், பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. லொயோலா மாளிகையில் பல திங்கள் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க வீரர் கதைகளைக் கேட்டார். அங்குக் கிடைத்தவையோ, கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே. சிறிது படிப்பார், பின் நூலை வைத்துவிட்டுச் சிந்திப்பார். போர்க் கனவுகள் அப்போதைக்கு இனித்துப் பின்னர் உள்ளத்தை வறளச் செய்ததையும், புனிதர்களைப் பற்றிய எண்ணங்கள் அகன்ற பின்னும் மகிழ்ச்சி நிலைத்ததையும் அவர் கண்டுகொண்டார். அவரை மாற்றியது படித்த நூல்களின் எண்ணிக்கையன்று. நூலை மூடிய பின் நிகழ்ந்த சிந்தனையே.

அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அண்ட்ரிக் அடிகளார், 1586-இல் புனிதர் வரலாறுகளைத் தமிழில் அச்சேற்றினார். முத்துக்குளித்துறையில் எழுத்தறிந்தோர் சிலராகவே இருந்த காலம் அது. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதும் படிப்பே அன்றோ? கண்ணைப் போலவே செவியும் நம்பிக்கைக்கு ஒரு வாயில்.

இப்போது மாலைதோறும் நம் பங்கைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறாள். அன்றொரு நாள், பெத்சாய்தாவில் ஆண்டவர் பார்வையற்றவனைக் குணமாக்கிய பகுதியை மாற்கு நற்செய்தியிலிருந்து படித்தாள். முதல் தொடுகைக்குப் பின் அவனுக்கு மனிதர் மரங்களைப்போல் தோன்றினர். மறுமுறை தொட்ட பின்னரே யாவும் தெளிந்தன. அவள் படிப்பதை நிறுத்திக் கேட்டாள்: “ஏன் சாமி, ஆண்டவர் ஒரே தடவையில் குணமாக்கியிருக்கலாமே?”

அப்பகுதியை வைத்துப் பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியுள்ளோம். ஆனால் அன்றுதான், அந்த இரு தொடுகைகளுக்கும் இடையே நின்ற மனிதனாகவே நாம் அதைக் கேட்டோம். எல்லாம் மங்கலாகத் தெரிந்த அவ்வேளையிலும் அவன் தனியே விடப்படவில்லை. அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்து வந்தவர் அருகிலேயே நின்றார். சிறுமிக்கு இதையே விடையாகக் கூறினோம். நம் பார்வை திரும்புமோ, குறையுமோ, அறியோம். பிடித்த கை விடாது என்பதை அறிவோம். நம் அச்சத்திற்கு அது போதும்.

ஆதலின், அன்பர்களே, இரு வேண்டுகோள்கள். உங்கள் இல்லத்தில் சர்க்கரை நோயுற்றோர் இருப்பின், தவக்காலம் பிறக்குமுன் அவர்களைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாலைச் செபத்தின்போது வீட்டின் இளையவரை நற்செய்தியில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் செய்யுங்கள், முதியோர் கேட்கட்டும், பின் சற்று நேரம் அனைவரும் அமைதி காக்கட்டும். நாளுக்கு ஒரு பக்கமெனில் ஆண்டுக்கு 365 பக்கங்கள். நம் பட்டியல் அத்துணை சிறியதன்று!

இறைவன் உங்கள் உடலுக்கு நலமும், உள்ளத்திற்கு ஒளியும் அருள்வாராக.