சும்மா நடக்க

நான் எழுதிப் பழகியவள் அல்ல. ஓ.எல். வரைதான் படித்தேன். சான்டா கிளாராவில், கம்பியூட்டர்களுக்குள் வைக்கும் பலகைகளுக்குப் பொருத்து வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாக நிற்கிறேன். கடந்த யூலையில் மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு இத்தாலியிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. அம்மாவை என்னோடு கூட்டி வரத்தான் போனேன். அம்மா வரவில்லை. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா இருப்பது சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில். 83ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் எங்கள் ஆட்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் அது. பெரும்பாலானோருக்கு அங்கே வீட்டு வேலையும் வயோதிபரைப் பராமரிக்கும் வேலையுந்தான். அக்காவும் ஒரு வயோதிப மாதுவைப் பார்க்கிறார். அத்தான் மாடிக் கட்டடங்களின் படிகளைக் கூட்டித் துடைக்கிறார். பலாரோ என்ற பழைய சந்தைக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. லிஃப்ட் கிடையாது. படி ஏறும்போதே, "இந்த வயதிலை அம்மாவை இதுக்குள்ளை வைச்சிருக்கிறாவே" என்று எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது.

போன அன்று பின்னேரம் ஆறரை மணியிருக்கும். அம்மா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்து, காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்கையம்மா வெளிக்கிட்டிட்டியள்?"

"ஒரிடமும் இல்லை. சும்மா நடக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா சும்மா நடந்து நான் கண்டதில்லை. நான் 1987இல் வடமராட்சியில் பிறந்தவள். கிணற்றடிக்கும் ரியூசனுக்கும் நடந்திருக்கிறோம், மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தும் நடந்திருக்கிறோம். காரணமில்லாமல் நடந்ததில்லை. நடந்தால் சாவடியில் நிற்பவன் எங்கே போகிறாய் என்று கேட்பான். ஊரடங்கு இருந்த நாட்களில் பொழுதுபடுவதே பயம். "பொம்பிளைப்பிள்ளை, இருட்ட முதல் வீட்டை வந்திடு" என்று படலையில் நின்று கூப்பிட்டது இதே அம்மாதான்.

அம்மாவோடு இறங்கினேன். சந்தை ஒழுங்கைகளைக் கடந்து மக்கேதா வீதிக்கு வந்தோம். அந்த வீதியில் பெரும்பகுதி நடப்பவர்களுக்கென்றே விடப்பட்டிருக்கிறது. ஊர் முழுவதும் அங்கேதான் நின்றது போலிருந்தது. கைகோத்த கிழவன் கிழவி, தள்ளுவண்டியில் பிள்ளை, வேலை உடுப்போடு பெடியன்கள். ஒருவருக்கும் அவசரமில்லை. நாலு வீதி சந்திக்கும் குவாத்ரோ கந்தியில் எல்லோரும் ஒரு தரம் நிற்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய சந்தி அது. நாலு மூலையிலும் நாலு பருவங்களைக் காட்டும் நீரூற்றுகள், மேலே ஸ்பானிய அரசர்கள், அதற்கும் மேலே ஊரைக் காக்கும் நாலு பெண் புனிதர்கள். அதில் நின்று தெரிந்தவரைக் கண்டால் கதைத்து, காணாவிட்டால் திரும்பி நடக்கிறார்கள். இந்தப் பின்னேர நடைக்கு இத்தாலியர் வைத்த பெயர் பசெஜ்ஜாத்தா. "இரண்டு அடி வைப்போம், வா" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவார்களாம். இரண்டு அடி என்று சொல்லி இரண்டு மணித்தியாலம் நடக்கிறார்கள்.

நடந்தால் வாயும் அசைய வேண்டும். அம்மா ஒரு வண்டிக்காரனிடம் பனெல்லே வாங்கித் தந்தார். கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, களி பதத்துக்குக் காய்ச்சி, மெல்லிதாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரிப்பது. எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து, எலுமிச்சம்புளி விட்டுத் தருவார்கள். அரபியர் சிசிலியை ஆண்ட காலத்திலிருந்து வந்த சாப்பாடு என்று அங்கே சொல்வார்கள். "எங்கடை கடலைமாதான் பிள்ளை, பேர்தான் வேறை" என்றார் அம்மா. சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே இறைச்சிக் கறி வைத்துப் பொரித்தால் அரஞ்சினா. தோடம்பழம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இதெல்லாம் பணக்காரர் சாப்பாடு இல்லை. கூலிக்குப் போகிறவன் நின்ற நிலையில் தின்கிற சாப்பாடு.

எனக்கு மனதில் நின்றது இன்னொன்று. வறுத்த கொண்டைக்கடலையும் உப்புப் போட்ட பூசணி விதையும் கலந்து கடதாசிப் பையில் தருகிறார்கள். கலியா எ சிமென்சா என்று பெயர். அம்மா அதை வாங்கிக்கொண்டு கடற்கரைப் புற்றரைக்குப் போய் ஒரு வாங்கில் இருந்தார். ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். "சந்நிதித் திருவிழாவிலை கொப்பர் கச்சான் வாங்கித் தாறவர்" என்றார். அப்பா இறந்த பிறகு அம்மா அவரைப் பற்றி அழாமல் கதைத்து நான் கேட்டது அன்றுதான்.

நான் நின்ற நாட்களில் புனித ரொசாலியாவின் விழாவும் வந்தது. 1624இல் பலேர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது, பெல்லெக்ரினோ மலைக் குகையில் கண்டெடுத்த அவரது எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டு வந்ததும் நோய் அடங்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. யூலை 14ஆம் திகதி இரவு பேராலயத்தடியிலிருந்து கடற்கரை வரை பெரிய தேர் போகும். எங்கள் சைவச் சனமும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறது. அந்த மலைக்கும் எங்கள் ஆட்கள் நேர்த்தி வைத்து நடந்து ஏறுகிறார்கள். அம்மாவும் இரண்டு தரம் ஏறியிருக்கிறார். முழங்கால் வருத்தக்காரி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கிழமை நான் கதையைத் தொடங்கினேன். அங்கே தனி அறை இருக்கு, லிஃப்ட் இருக்கு, கார் இருக்கு, மாடிப்படி ஏறத் தேவையில்லை என்றேன்.

"அங்கை நான் எங்கை நடக்கிறது?"

"சனிக்கிழமையிலை காரிலை கூட்டிக்கொண்டு போவன்."

"மற்ற ஆறு நாளும்?"

என்னிடம் பதில் இல்லை. மகன் பிறந்தபோது அம்மா சான்டா கிளாராவில் வந்து ஆறு மாதம் நின்றவர். "ஆறு மாதமும் யன்னலுக்குள்ளாலை கார் எண்ணினன் பிள்ளை" என்றார். எட்டு வருடமாக அதை எனக்குச் சொல்லவில்லை.

அன்றிரவு அக்காவோடு சண்டை பிடித்தேன். உன்னைவிட நான் கூட உழைக்கிறேன், அம்மாவை வடிவாக வைத்திருப்பேன் என்றேன். அக்கா மறுக்கவில்லை. அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. சம்பளம் வாடகைக்கே சரி. படித்த பிள்ளைகள் வேலை தேடி வடக்கு இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறார்கள், அக்காவின் மூத்தவனும் போய்விட்டான். "எல்லாம் உண்மைதான். ஆனால் எங்களுக்குப் பின்னேரம் எண்டு ஒண்டு இருக்கு" என்றார். எனக்கு அது சுட்டது.

திரும்பி வந்த பிறகு என் ஊரைக் கொஞ்சம் பார்த்தேன். சான்டா கிளாரா என்ற பெயரே ஒரு இத்தாலியப் பெண்ணுடையது. அசிசி நகரத்துப் புனித கிளாராவின் பெயரில் 1777இல் இங்கே ஸ்பானியத் துறவிகள் கோயில் வைத்தார்கள். பிறகு கத்தரித் தோட்டம் போல எங்கும் பழத் தோட்டம். அப்ரிகொட்டும் பிளம்ஸும் காய்த்த பள்ளத்தாக்கு. அந்தப் பழங்களைத் தகரத்திலடைத்த தொழிற்சாலைகளில் இத்தாலியரும் வந்து உழைத்தார்கள். இந்த ஊருக்கும் நடக்க ஒரு நடுத்தெரு இருந்தது. 1960களில் நகரைப் புதுப்பிக்கிறோம் என்று எட்டுத் தொகுதிக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் இங்கேயே பிறந்த வயதான ஒருவர் இருக்கிறார். அந்தத் தெருவைப் பற்றி, நாங்கள் விட்டுவந்த ஊரைப் பற்றிக் கதைப்பது போலவே கதைப்பார்.

ஆகவே பிழை முழுவதும் எங்களுடையது அல்ல. எல் கமினோ வீதியில் ஆறு வரிசையாகக் கார் ஓடினால் எந்தக் கிழவி சும்மா நடப்பாள்? ஆனால் முழுப்பழியையும் வீதியில் போடவும் என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சான் தோமஸ் அக்கினோ ஓடைக் கரையோரமாக நடைபாதை இருக்கிறது. சென்ட்ரல் பார்க்கில் குளமும் மர நிழலும் இருக்கின்றன. எட்டு வருடத்தில் நான் அங்கே நடந்தது கிடையாது. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்று ஓவர்ரைம் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஊரடங்கை யாரோ போட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே நானே எனக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கிழமையில் மூன்று நாள் ஓவர்ரைம் எடுப்பதில்லை. வீட்டுச் செலவில் அது தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் வெளிக்கிட்டபோது இவர், "என்ன வாங்கப் போறம்?" என்று கேட்டார். மகன், "எப்ப முடியும்?" என்று கேட்டான். வறுத்த கடலை கொஞ்சம் கடதாசிப் பையில் போட்டுக் கையில் கொடுத்த பிறகுதான் அவன் நடந்தான். நாலாம் நாள் ஒரு மெக்சிக்கோப் பாட்டி எங்களைப் பார்த்துக் கை காட்டினார். இப்போது நின்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

ஓடைக்கரையில் நின்று அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினேன். "வடிவான இடம். ஆனால் ஆக்களைக் காணேல்லையே" என்றார். பிறகு, "விடாமல் நடவுங்கோ, பாப்பம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மா கேட்ட ஆட்களை நான் எங்கே தேடுவது? அதனால்தான் எழுதுகிறேன். சான்டா கிளாராவிலும் சனிவேலிலும் இருக்கும் எங்கள் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ஐந்தரை மணிக்கு சென்ட்ரல் பார்க் குளத்தடிக்கு வாருங்கள். வீட்டில் வயோதிபர் இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள். கூட்டமோ பேச்சோ காசு சேர்ப்பதோ இல்லை. சும்மா நடக்கத்தான். கச்சான் நான் கொண்டு வருவேன்.