உடம்பிற்கு ஒரு பாடத்திட்டம்

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவன் நான். பயிற்சி ஆசிரியர்கள் என் வகுப்பிற்கு வரும்போதெல்லாம் அவர்களுடைய நாட்பாடத் திட்டத்தை வாங்கி, முதலில் 'பாட நோக்கம்' என்னும் பகுதியைத்தான் பார்ப்பேன். "மாணவர்கள் வினையெச்சத்தைப் பற்றி அறிந்து கொள்வர்" என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடு இடுவேன். "அறிந்து கொண்டார்கள் என்பதை எப்படி அறிவீர்கள்? பாட இறுதிக்குள் மாணவர்கள் பத்தியிலுள்ள ஐந்து வினையெச்சங்களை எடுத்தெழுதுவர் என்று எழுதுங்கள். அளக்க முடியாத நோக்கம் நோக்கமாகாது" என்பேன். ஊருக்கு இவ்வாறு உபதேசம் செய்த நான், என் உடம்பிற்கென்று ஒரு நோக்கம் வகுத்தபோது அளவுகோலையே தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அத்தவறு ஒரு மழை இரவில்தான் எனக்குத் தெரிந்தது.

ஐம்பத்தெட்டாம் வயதில் எனக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. நம் நாட்டு இந்தியர் குடும்பங்களில் இது புதுமையன்று. ஆயினும் நான் அஞ்சினேன். எடையைக் குறைக்க வேண்டும் என்பதையே வாழ்வின் குறிக்கோளாக்கிக் கொண்டேன். காலையில் சீனியில்லாத காப்பியும் இரண்டு பிஸ்கட்டும்; நண்பகலில் கைப்பிடிச் சோறும் ரசமும் கீரையும்; இரவில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். ஓராண்டில் என் எடை 78 கிலோவிலிருந்து 69 ஆயிற்று. கால்சட்டைகள் தளர்ந்தன. சந்தித்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் பெருமிதம் கொண்டேன்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சுங்கைப் பட்டாணியில் மழை கொட்டிக் கொண்டிருந்த ஓர் இரவு. குளியலறையில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு ஓடினேன். எண்பத்து நான்கு வயது அன்னையார் ஈரத்தரையில் சரிந்து கிடந்தார். நல்வேளையாக எலும்பு முறியவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்க முயன்றேன், முடியவில்லை. மறுபடியும் முயன்றேன், என் முழங்கால்கள் நடுங்கின. ஐம்பது கிலோகூட இல்லாத அந்த மெலிந்த உடம்பை ஒரு சாண் உயரத்திற்கு மேல் என்னால் எழுப்ப இயலவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஏன்யா இப்படி மூச்சு வாங்குற? நான் செத்த நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். விடிஞ்சதும் யாரையாச்சும் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

விழுந்தவர் அவர், ஆறுதல் கூறியவரும் அவரே. அண்டை வீட்டு இளைஞனை எழுப்பி வந்து அவரைக் கட்டிலில் சேர்த்தோம். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. என் தந்தையாரின் நினைவு வந்தது. கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். காண்டாக் கட்டையின் இருமுனையிலும் பால் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் தளும்பாமல் நடந்து வருவார். அவருக்கும் தொந்தி இல்லை. எனக்கும் இப்போது தொந்தி இல்லை. ஆனால் அவருடைய மெலிவு உழைப்பு முறுக்கேற்றிய மெலிவு. என்னுடையதோ பட்டினி உருக்கிய மெலிவு. தோட்ட வாழ்வின் வறுமையை நான் புகழவில்லை. அவர் அந்த உடம்பை விரும்பிப் பெற்றவரும் அல்லர். எனினும் இருவகை மெலிவுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுவாரம் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண்மணி என்னை அடையாளம் கண்டு வணங்கினார். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவர். அம்மாவைச் சோதித்தபின், "ஐயா, நீங்களும் இதைப் பிடித்து அழுத்துங்கள்" என்று ஒரு கைப்பிடிக் கருவியை நீட்டினார். முள் 24 கிலோவைக் காட்டியது. ஆசிய நாட்டு வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டில் வகுத்த வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவிற்குக் குறைந்தால் அது தசை வலுக்குறைவு. பின்னர்க் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னார். எனக்கு 15 விநாடி பிடித்தது. 12 விநாடிக்குள் முடித்திருக்க வேண்டும்.

"எடை குறைந்தது உண்மைதான், ஐயா. ஆனால் கொழுப்போடு தசையும் போய்விட்டது" என்றார் அவர். முப்பது வயதிற்குப் பின்னர்ப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை தானாகவே குறைகிறதென்றும், அறுபதைக் கடந்தால் அந்தத் தேய்வு விரைவுபடுகிறதென்றும் விளக்கினார். இந்நிலைக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'பீனியா' என்றால் வறுமை. தசை வறுமை! உணவிற்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கி வைக்கும் பத்தாயமும் தசைதான். நீரிழிவிற்கு அஞ்சிய நான் அந்தப் பத்தாயத்தையே இடித்துக் கொண்டிருந்தேன். பேச்சுத்திறனை எழுத்துத் தேர்வால் சோதிப்பவனைப் போல, வலிமையைத் தராசால் சோதித்து வந்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் பழைய நாட்பாடத் திட்டப் புத்தகமொன்றை எடுத்து, புதிய நோக்கங்களை எழுதினேன். பன்னிரண்டு வாரத்தில் ஐந்துமுறை எழுந்தமர்தலை 12 விநாடிக்குள் முடிப்பது. 20 கிலோ அரிசியை முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்குவது. நாளொன்றுக்கு 80 கிராம் புரதம் உண்பது. எடை என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை.

புரதக் கணக்கு எனக்கு வியப்பளித்தது. முதியோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. என் பழைய உணவைக் கூட்டிப் பார்த்தால் 35 கிராம் தேறவில்லை. சிறுநீரகம் நலமாக இருப்பதை இரத்தச் சோதனையில் உறுதி செய்துகொண்ட பின்னரே மருத்துவர் புதிய அளவிற்கு இசைந்தார். காலையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்தால் 20 கிராம். நண்பகலில் ஒரு துண்டு கெம்போங் மீனும் கெட்டிப் பருப்பும். மாலையில் கடலைச் சுண்டல். இரவில் 100 கிராம் தெம்பேயும் சிறிது தவ்ஹூவும். விலை மிகுந்த மாவுப் புட்டிகள் எதுவும் தேவைப்படவில்லை. சோற்றையும் விலக்கவில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்று நம் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கே போதுமானதாயிற்று.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அளவறிந்து உண்க என்பதைக் குறைத்து உண்க என்றே பொருள்படுத்தி வந்தேன். ஆனால் அவ்வதிகாரத்தின் முதற்குறளே மிகுதியைப் போலக் குறைவும் நோய் செய்யும் என்கிறது. பரிமேலழகர் அதற்கு உணவை மட்டுமன்றிச் செயலையும் சேர்த்தே உரை கண்டார். கற்பித்தவன் கற்கவில்லை.

பயிற்சி, திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள். நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நெகிழ்பட்டையைக் கதவில் கட்டி இழுத்தல், புத்தகங்கள் நிறைத்த பையைத் தரையிலிருந்து தூக்குதல், இறுதியில் இரு கைகளிலும் நீர் நிறைந்த வாளிகளைச் சுமந்து வாசலில் நடத்தல். ஒரு பயிற்சியைத் தொடர்ந்து இரண்டு நாள் பன்னிரண்டு முறை எளிதாகச் செய்ய முடிந்தால், அடுத்த முறை சுமையைச் சிறிது கூட்ட வேண்டும் என்பதே விதி. எளிதிலிருந்து கடினத்திற்குச் செல்லும் நம் கற்பித்தல் முறைதான் இது. அந்த விதியை மூன்றாம் வாரத்தில் நானே மீறினேன். ஆர்வ மிகுதியால் ஒரே நாளில் பையின் சுமையை இரட்டிப்பாக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தேன். அம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். "மொத நாளே மரத்துல ஏறி நிக்கணும்னு பார்க்கிறியே" என்று சிரித்தார்.

அவரைச் சும்மா இருக்கவிடவும் எனக்கு மனமில்லை. 1990இல் அமெரிக்காவில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோர் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்து தங்கள் கால் வலிமையைப் பன்மடங்கு பெருக்கிக் கொண்டதாக ஓர் ஆய்வு உண்டு. அதைச் சொன்னபோது என் பழைய மாணவி, அம்மாவுக்கும் பயிற்சி வகுத்துத் தந்தார். சமையல் மேசையைப் பிடித்தபடி எழுந்தமர்தல், நாளுக்கு இருமுறை. விழுந்தவரை எழுப்பும் முறையையும் எங்களுக்குக் கற்பித்தார். அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாதாம். அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடியில்லையெனில் ஒரு நாற்காலியை முன்னே வைத்து, அவரை முழங்காலில் நிற்கச் செய்து, நாற்காலியில் கையூன்றி ஒரு காலை முன்வைத்து எழத் துணைநிற்க வேண்டும். அன்றிரவு எனக்கு வலிமை மட்டுமன்று, அறிவும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது.

பன்னிரண்டு வாரம் நிறைந்தது. ஒரு வாரம் படுக்கையில் கழிந்ததைக் கணக்கில் கொண்டு இன்னும் ஒரு வாரம் கூட்டிக் கொண்டேன். எழுந்தமர்தல் 11 விநாடி. அரிசி 20 கிலோவும் தரையை விட்டு எழுந்தது. கைப்பிடி 27 கிலோ. வரையறைக்கு இன்னும் ஒரு கிலோ பாக்கி. அந்த ஒரு கிலோவே அடுத்த பருவத்தின் பாட நோக்கம். தராசு முள் 70ஐக் காட்டியது. எடை ஒரு கிலோ கூடியிருந்தும் இடுப்பளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பழைய அளவுகோலின்படி நான் தேர்ச்சி பெறாதவன்.

விழுந்த நாள் முதல் அம்மா தரையில் அமர அஞ்சியிருந்தார். சென்ற ஆண்டு ஒரு மாலை, முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வதற்காகக் கூடத்துத் தரையில் தாமாகவே அமர்ந்தார். நான் ஒன்றும் கூறாமல் எதிரே அமர்ந்து கீரையை உருவினேன். வேலை முடிந்ததும் நான் எழுந்து நாற்காலியை இழுத்து வந்து அவர் முன் வைத்தேன். அவர் அதில் ஒரு கையை ஊன்றி, மறு கையை என்னிடம் நீட்டினார். பாதி அவர் எழுந்தார். பாதி நான் எழுப்பினேன்.

"இப்ப மூச்சு வாங்கலையே" என்றார் அம்மா.