வவுச்சர் இல்லாத செலவு

பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று இது: வவுச்சர் இல்லாமல் எந்தச் செலவையும் கணக்கில் எழுதக் கூடாது. டீ வாங்கிய செலவாக இருந்தாலும் சரி, மிஷின் வாங்கிய செலவாக இருந்தாலும் சரி. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற மூன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதமாவது சாட்சி சொல்ல வேண்டும். ஆடிட்டர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

உலக நாடுகளுக்கெல்லாம் கணக்கு வழக்கில் ஒழுங்கு வேண்டும் என்று பாடம் நடத்துகிற அமெரிக்காவில், இந்த விதிக்கு விலக்கு பெற்ற ஓர் அலுவலகம் இருக்கிறது. 1949-ல் வந்த சி.ஐ.ஏ. சட்டத்தின்படி, ரகசியமான செலவுகளுக்கு அதன் இயக்குநர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தச் சான்றிதழே வவுச்சர்! மற்ற அரசுத் துறைகளுக்கு ஒதுக்கிய பணத்தை சி.ஐ.ஏ.வுக்கு மாற்றிக்கொள்ளவும் அதே சட்டம் வழி செய்துகொடுக்கிறது. ஆக, பட்ஜெட் புத்தகத்தை வரி விடாமல் படித்தாலும் பணம் எங்கே போனது என்று தெரியாது.

பொதுப் பணத்தின் வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. அதைக் காட்டி, வரி கட்டுகிற ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 1974-ல் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: வரி கட்டுபவர் என்ற தகுதி மட்டும் இந்த வழக்கைப் போடப் போதாது. 1997-ல்தான் அந்த வருடத்தின் மொத்த உளவு பட்ஜெட் 2,660 கோடி டாலர் என்று முதன்முதலாக வெளியே சொன்னார்கள். அதுவும் மொத்தத் தொகை மட்டும்தான். யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் கிடையாது.

கணக்கு தெரியாமல் போனால் என்ன கெட்டுவிடும்? இந்தக் கேள்விக்கு குவாத்தமாலாவில் பதில் இருக்கிறது.

மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கும் சின்ன நாடு குவாத்தமாலா. மக்களில் கணிசமானோர் மாயா இனத்தவர். 1952-ல் அங்கே ஜனாதிபதி ஹகோபோ ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். தரிசாகக் கிடந்த பெரிய பண்ணைகளை எடுத்து ஏழைகளுக்குக் கொடுப்பது திட்டம். அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் என்ற வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் அதில் மாட்டியது. வரி கட்டுவதற்காகக் கம்பெனியே காட்டியிருந்த மதிப்பின்படி சுமார் 6.27 லட்சம் டாலர் நஷ்டஈடு தருவதாகச் சொன்னது அரசு. கம்பெனிக்காக அமெரிக்க அரசு கேட்டதோ சுமார் 1.58 கோடி டாலர். வரி கட்டும்போது ஒரு விலை, நஷ்டஈடு கேட்கும்போது வேறு விலை! ஆர்பென்ஸ் கம்யூனிஸ்டுகளின் பிடியில் இருக்கிறார் என்று வாஷிங்டன் முடிவு கட்டியது. 1954-ல் சி.ஐ.ஏ. பணம் கொடுத்து நடத்திய கலகத்தில் அவர் பதவி இழந்தார்.

அதன் பிறகு ஆட்சி பெரும்பாலும் ராணுவத்தின் கையில்தான். 1960-ல் ஆரம்பித்த உள்நாட்டுப் போர் 1996-ல்தான் முடிந்தது. ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் கமிஷன் 1999-ல் அறிக்கை கொடுத்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கும் மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். கமிஷன் பதிவு செய்த கொடுமைகளில் 93 சதவீதத்துக்கு ராணுவமும் அதைச் சார்ந்த படைகளுமே பொறுப்பு. சில பகுதிகளில் மாயா மக்களுக்கு எதிராக நடந்தது இனப்படுகொலைச் செயல்கள்தான் என்றும் அந்த அறிக்கை சொன்னது.

இந்த ராணுவத்துக்கு அமெரிக்கா கொடுத்த உதவி ஒரே சீராக இருக்கவில்லை. 1977-ல் கார்ட்டர் அரசு மனித உரிமை பற்றிக் கேள்வி கேட்டதும், ‘உங்கள் உதவியே வேண்டாம்’ என்று குவாத்தமாலா கோபித்துக்கொண்டது. 1982 டிசம்பரில் ரீகன், அப்போதைய ஆட்சியாளர் ரியோஸ் மான்ட்டைச் சந்தித்துவிட்டு, அவர்மீது அநியாயமாகப் பழி போடுகிறார்கள் என்று பரிந்து பேசினார். இரண்டே நாளில் தோஸ் எர்ரஸ் என்ற கிராமத்துக்குள் நுழைந்த சிறப்புப் படையினர் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் அதிகமானவர்களைக் கொன்றார்கள். அடுத்த மாதமே ஹெலிகாப்டர் உதிரி பாகங்கள் உள்ளிட்ட ராணுவச் சாமான்கள் விற்க ரீகன் அரசு அனுமதி கொடுத்தது.

இவையெல்லாம் வெளிப்படையாக நடந்தவை. பத்திரிகையில் எழுதலாம், சபையில் எதிர்த்துப் பேசலாம், ஓட்டுப் போட்டு நிறுத்தலாம். சிக்கலே அதற்குப் பிறகுதான் வருகிறது.

1990 ஜூனில், குவாத்தமாலாவில் விடுதி நடத்திவந்த மைக்கேல் டிவைன் என்ற அமெரிக்கரை ராணுவ வீரர்கள் கொன்றார்கள். விசாரணை சரியாக நடக்கவில்லை என்பதால் அந்த வருடக் கடைசியில் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) அரசு ராணுவ உதவியை நிறுத்தியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. மனித உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் சி.ஐ.ஏ. வழியாக அதே நாட்டின் ராணுவ உளவுப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நிற்கவில்லை! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

இந்த ரகசியம் வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு பெண். ஜெனிஃபர் ஹார்பரி என்ற அமெரிக்க வக்கீல். அவருடைய கணவர் எஃப்ராயின் பாமகா மாயா இனத்தவர், கெரில்லா தளபதி. 1992 மார்ச் 12-ம் தேதி பாமகா காணாமல் போனார். சண்டையில் இறந்துவிட்டார், புதைத்தாகிவிட்டது என்றது ராணுவம். ராணுவத்திடமிருந்து தப்பி வந்த ஒரு கைதியோ, அவரை உயிரோடு பார்த்ததாகவும் சித்திரவதை செய்ததைப் பார்த்ததாகவும் சொன்னார். 1993-ல் ராணுவம் காட்டிய குழியைத் தோண்டினார்கள். உள்ளே இருந்தது வேறு யாருடைய உடலோ.

ஹார்பரி அமெரிக்கத் தூதரகத்தில் கேட்டார், வாஷிங்டனில் கேட்டார். விசாரிக்கிறோம், உறுதியான தகவல் இல்லை என்பதே பதில். 1994-ல் குவாத்தமாலா நகரத்தில் அரண்மனைக்கு எதிரே 32 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1995 மார்ச்சில் வெள்ளை மாளிகைக்கு எதிரே மறுபடியும் உட்கார்ந்தார். அந்த மாதத்தில்தான் ராபர்ட் டோரிசெல்லி என்ற காங்கிரஸ் உறுப்பினர் உண்மையைப் போட்டு உடைத்தார். பாமகா கொல்லப்பட்டுவிட்டார், இந்த விவகாரத்தில் தொடர்புள்ளதாகக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ கர்னல் ஒருவர் சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர். (கர்னல் இந்தக் குற்றச்சாட்டை மறுத்தார்.)

இதைவிடக் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. பாமகா பிடிபட்ட சில நாட்களிலேயே, அவர் உயிரோடு ராணுவத்தின் பிடியில் இருக்கிறார் என்ற தகவல் சி.ஐ.ஏ. வழியாக வாஷிங்டனுக்கு வந்துவிட்டது. மனைவி வாசல் வாசலாக ஏறி இறங்கிய காலம் முழுவதும் அந்தக் காகிதம் ஃபைலில் பத்திரமாக இருந்திருக்கிறது.

எதற்காக மறைத்தார்கள்? தகவல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே பாதி புரிந்துவிடும். சிறையில் வைத்திருந்தவர்களும் தகவல் கொடுத்தவர்களும் பணம் வாங்கியவர்களும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்கள். ‘உன் கணவர் உயிரோடு இருக்கிறார்’ என்று சொன்னால் அது எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் பணம் போவதும் தெரிந்துவிடும். பணத்தை ரகசியமாகக் கொடுத்தவர்கள், அந்தப் பணத்தால் தெரிந்துகொண்டதையும் ரகசியமாகவே வைக்க வேண்டியதாயிற்று. அந்த ரகசியத்தின் விலையில் ஒரு மனிதனின் உயிரும் சேர்ந்துவிட்டது.

கிளிண்டன் உத்தரவின்படி, உளவுத்துறை மேற்பார்வை வாரியம் விசாரித்து 1996-ல் அறிக்கை கொடுத்தது. 1989-ல் சுமார் 35 லட்சம் டாலராக இருந்த சி.ஐ.ஏ. உதவி 1995-ல் சுமார் 10 லட்சம் டாலராகக் குறைந்திருந்தது. நிறுத்திய ராணுவ உதவியை ஈடுகட்ட ரகசியப் பணத்தைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை என்று வாரியம் சொன்னது. நியாயமாக இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1990-க்குப் பிறகும் பணம் போனது உண்மை. சம்பளம் வாங்கிய ஆட்களில் சிலர்மீது கொலை, சித்திரவதை, ஆள் கடத்தல் என்று நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருந்ததும், அவற்றில் பலவற்றை சி.ஐ.ஏ. அப்போதே அறிந்திருந்ததும் உண்மை என்று அதே அறிக்கை ஒப்புக்கொண்டது.

உளவு வேலைக்கு உத்தமர்கள் கிடைப்பார்களா, போதை மருந்துக் கடத்தலைப் பிடிக்கக் கெட்டவர்களோடும் பழகத்தானே வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு சரிதான். துப்பு கொடுக்கும் திருடனுக்கு உள்ளூர் போலீஸும் காசு கொடுக்கிறது. ஆனால் அந்தத் திருடன் கொலை செய்தால் போலீஸ் அவனைப் பிடிக்கக் கடமைப்பட்டது. இங்கே நடந்ததோ தலைகீழ். மேலும் குவாத்தமாலாவில் பணம் போனது தனி ஆட்களுக்கு மட்டுமல்ல, கொலைக்குப் பேர்போன ஒரு அமைப்புக்கே.

பிறகு என்ன நடந்தது? 1995-ல் சி.ஐ.ஏ. இரண்டு அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கியது. டோரிசெல்லிக்கு உண்மையைச் சொன்ன ரிச்சர்ட் நூசியோ என்ற வெளியுறவுத்துறை அதிகாரிக்கு ரகசிய ஃபைல்களைப் பார்க்கும் உரிமையே பறிபோனது. 1999-ல் கிளிண்டன் குவாத்தமாலாவுக்கே போய், அந்தப் படைகளை ஆதரித்தது தவறு என்று சொன்னார். 2000-ல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், பாமகா விஷயத்தில் குவாத்தமாலா அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

ஹார்பரி தன் சொந்த நாட்டு அதிகாரிகள்மீதும் வழக்குப் போட்டார். ‘பொய் சொல்லி ஏமாற்றாமல் இருந்திருந்தால், அவர் உயிரோடு இருந்தபோதே கோர்ட்டுக்குப் போயிருப்பேன்’ என்பது அவருடைய வாதம். 2002-ல் சுப்ரீம் கோர்ட்டில் தானே வாதாடினார். தோற்றுப்போனார்.

1997-ல் செனட்டர் பாட்ரிக் லேஹியின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. மனித உரிமைகளைக் கடுமையாக மீறியதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுகளுக்கு அமெரிக்க உதவி கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் அது வெளியுறவுத்துறை வழியாகவும் ராணுவத்துறை வழியாகவும் போகும் உதவிக்காக எழுதப்பட்டது. சி.ஐ.ஏ.வின் ரகசியச் செலவு அதற்குள் வரவில்லை. 1990-ல் நடந்ததும் இதேதான். வெளிக்கணக்கில் தடை, உள்கணக்கில் பட்டுவாடா.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று தர்மத்துக்குச் சொல்வார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்த வழக்கம் ஆகாது. எந்தப் படைக்கு, எதற்காக, எவ்வளவு என்று வரி கட்டியவனின் பிரதிநிதிகளாவது கேட்டுப் பார்த்து, வேண்டாம் என்றால் எல்லாக் கணக்கிலும் நிறுத்த முடிய வேண்டும். ஒரு வவுச்சரில் எழுதும் மூன்று விவரம்தான். அது 1992-ல் யாராவது கேட்டுப் பார்க்கும்படி இருந்திருந்தால், பாமகாவைத் தேடி ஒரு மனைவி குழி தோண்டிப் பார்க்க வேண்டி வந்திருக்காது.